அடாப்டர் புரதம்: ‘சும்மாட்டுப் புரதம்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

உயிரணுவுக்குள் சுமை தூக்கி நடக்கும் புரதத்தையும் அதன் சுமையையும் சேர்த்துவைக்கும் புரதத்தை ஆங்கிலத்தில் அடாப்டர் புரதம் என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘இணைப்புப் புரதம்’ போதுமே என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்குப் போதாது என்றே படுகிறது, பள்ளிப் பாடத்திலேயே ‘இணைப்புத் திசு’ இருப்பதால் படிக்கிறவர்களுக்கு அந்தத் திசுவில் உள்ள கொலாஜன் புரதம்தான் நினைவுக்கு வரும். ‘கொக்கிப் புரதம்’ நல்ல சொல், ஆனால் ஹூக் என்ற பெயரிலேயே ஒரு புரதக் குடும்பம் இருக்கிறது. அதுவும் டைனீன் என்ற சுமை தூக்கும் புரதத்தோடு சுமையைச் சேர்க்கும் இதே வேலையில்.

இங்கே பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் விடியற்காலை போய் நின்றால் தெரியும். கூலிக்காரர் தோளில் கிடக்கும் துண்டை முறுக்கிச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல்தான் கூடையை ஏற்றச் சொல்வார். கன்னடத்தில் சிம்பி, நமக்குச் சும்மாடு. நரம்பணுவுக்குள் நடப்பதும் இதுதான்: நுண்குழல் என்ற தண்டவாளம் போன்ற இழைமேல் நடக்கிற கைனசின் புரதம் கூலியாள், அணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா கூடை, இடையில் உட்கார்ந்திருப்பது டிராக்-1 புரதம். முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும் ஆக்ஸானில் (நரம்பணுவின் நீண்ட இழையில்) இப்படித்தான் சுமை போகிறது. பழ ஈயில் இதற்கு இணையான மில்டன் புரதம் கெட்டால் ஆக்ஸான் முனைக்கு மைட்டோகாண்ட்ரியா போய்ச்சேராது என்று 2002இலேயே காட்டிவிட்டார்கள்.

சும்மாடு சுமையைப் பிடிக்காதே, டிராக்-1 மிரோ என்ற புரதம் வழியாக மைட்டோகாண்ட்ரியாவைப் பிடிக்கிறதே என்று கேட்கலாம். சரிதான், அந்த இடத்தில் உவமை கொஞ்சம் தளர்கிறது. ஆனால் டிராக்-1 கைனசினோடும் சேரும், எதிர்த்திசையில் நடக்கும் டைனீனோடும் சேரும். எந்தத் தலைக்கும் பொருந்துகிற சும்மாடு அல்லவா அது!

அப்புறம் ஆன்டிபாடி, அதாவது ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப்போய் ஒட்டி, அது எங்கே இருக்கிறது என்று சோதனையில் காட்டும் பொருள். ‘நோயெதிர்ப்பொருள்’ இங்கே வேண்டாம், சோதனைக்கூடத்தில் அது எந்த நோயோடும் சண்டை போடுவதில்லை. ‘எதிர்ப்பொருள்’ சரி. ஆனால் ‘டிராக்-1 எதிர்ப்பொருள்’ என்று வெறுமனே எழுதினால் அந்தப் புரதத்தின் வேலையைத் தடுக்கும் மருந்து என்று தோன்றிவிடுகிறது, என் அக்கா மகள் அப்படித்தான் புரிந்துகொண்டாள். அதனால், அந்தப் புரதத்தை அடையாளம் காண்பது மட்டுமே என்று தெரிய ‘அறி’ சேர்க்கலாம். முயலில் உண்டாக்கியது ‘முதல் எதிர்ப்பொருள்’, அதன்மேல் ஒட்டி ஒளிர்வது ‘இரண்டாம் எதிர்ப்பொருள்’.

ஒரு நுண்ணோக்கிப் படத்துக்கு நான் எழுதியிருக்கும் படக்குறிப்பு இது:

“எலி நரம்பணு. பச்சை: டிராக்-1 சும்மாட்டுப் புரதம் (முயல் டிராக்-1 அறி எதிர்ப்பொருள்). சிவப்பு: மைட்டோகாண்ட்ரியா. மஞ்சள் புள்ளிகளில் இரண்டும் ஒரே இடத்தில்.”

‘அறி’ யாருக்காவது நெருடினால் சொல்லுங்கள். சும்மாட்டை மட்டும் விட மனமில்லை.