வெப்லி மார்க் 6 வாங்கலாமா? சுடறதுக்குத்தான், ஷோகேஸ்ல வைக்க இல்ல

காகித டார்கெட்:
வணக்கம் எல்லாருக்கும். ஒரு வெப்லி மார்க் 6 ரிவால்வர் விலைக்கு வருது, ஃப்ரேம்ல 1917னு அடிச்சிருக்கு. லைசென்ஸ் எல்லாம் ரெடி, ரேஞ்சுல பேப்பர் டார்கெட் சுடத்தான் கேக்குறேன். ஆளு பளபளன்னு இருக்கான், விக்கிறவர் .45 ஏசிபி (ஆட்டோமேட்டிக் பிஸ்டல் தோட்டா) போட்டுக்கலாம், ஹாஃப் மூன் கிளிப்பும் (மூணு தோட்டாவைச் சேர்த்துப் பிடிக்கிற அரைவட்டத் தகடு) சேர்த்துத் தரேங்கிறார். இது .455 துப்பாக்கிதானே, ஏசிபி எப்படிப் போகுது? கையில எடுத்தா எதைப் பார்க்கணும்?

பழைய இரும்பு:
ஏசிபி போகுதுன்னா சிலிண்டரோட பின்பக்கத்தைச் சீவியிருக்காங்கன்னு அர்த்தம். ராணுவம் கழிச்சுவிட்ட வெப்லி நிறைய அமெரிக்காவுக்குப் போச்சு, அங்க .455 தோட்டா கிடைக்கறது கஷ்டம், .45 ஏசிபி கொட்டிக் கிடந்துது, அதனால கிளிப் உக்கார்ற அளவுக்குக் கடைஞ்சு எடுத்துட்டு வித்தாங்க. சீவாத சிலிண்டர்ல கிளிப்போட ஏசிபி போட்டா துப்பாக்கி மூடவே மூடாது. பிரச்சினை பிரஷர்லதான் சார். .455 மார்க் 2ங்கிறது 265 கிரெய்ன் எடை ஈயக் குண்டை நொடிக்கு 600 அடிச் சொச்ச வேகத்துல மெதுவா தள்ளுற தோட்டா, ஃபேக்டரி ஏசிபிக்கு உச்ச வரம்பே 21,000 பிஎஸ்ஐ, அந்தச் சிலிண்டரை இதுக்காகச் செய்யல.

ஸ்டீல் ஜாக்கெட்:
சும்மா பயமுறுத்தாதீங்க பாஸ், என்கிட்ட இருக்கிற சீவின மார்க் 6ல ஃபேக்டரி தோட்டாதான் ஓடுது, ஒண்ணும் ஆகல.

பழைய இரும்பு:
ஆகற அன்னிக்குத்தான் தெரியும் தம்பி. சிலிண்டர் பிளந்த வெப்லி படம் தேடினா வரும், பாத்துட்டு வாங்க.

ரேஞ்ச் மாஸ்டர்:
பளபளப்பை விடுங்க, அதுதான் முதல் சந்தேகமே. எழுத்தோட ஓரம் மழுங்கி, ஸ்க்ரூ தலை சிதைஞ்சிருந்தா யாரோ துரு குழியை மறைக்க நல்லா தேய்ச்சுட்டு புது ப்ளூயிங் (இரும்புக்குப் போடற கருநீலப் பூச்சு) போட்டிருக்காங்க. திறந்து காலியான்னு பாத்துட்டு, மூடி, ஒரு கையில பேரல் இன்னொரு கையில பிடியைப் பிடிச்சு மேலயும் கீழயும் பக்கவாட்டுலயும் ஆட்டிப் பாருங்க, கீல்லயோ மேல இருக்கிற லாட்ச்லயோ லொடலொடன்னா அங்கயே வெச்சுட்டு வந்துடுங்க. அப்புறம் ஹேமரை மெதுவா இழுத்து, ஆறு சேம்பருக்கும் (தோட்டா உக்கார்ற ஓட்டை) தனித்தனியா, ட்ரிகரை அழுத்திப் பிடிச்சபடியே சிலிண்டரைத் திருப்பிப் பாருங்க, அசையறது ரொம்பக் கம்மியா இருக்கணும், ஒரே ஒரு சேம்பர்ல மட்டும் ஆடினாலும் குண்டு பேரல் விளிம்புல உரசும், சுடுறப்ப பக்கத்துல நிக்கிறவன் மேல ஈயம் தெறிக்கும். ஹேமர் காக் ஆகி நிக்கிறப்ப பின்னாலருந்து கட்டைவிரலால தள்ளுங்க, விழக்கூடாது. பேரலை வெளிச்சத்துல பாருங்க, லேசா துரு குழி இருந்தா பரவாயில்ல, கார்டைட்ங்கிற பழைய வெடிமருந்து போட்டு சுட்டது நிறையதுல இருக்கும், ஆனா உள்ள ஒரு இடத்துல மட்டும் இருட்டா வளையம் மாதிரி தெரிஞ்சா அது குண்டு மாட்டி பேரல் வீங்கின இடம், வேண்டாம்.

காகித டார்கெட்:
ரொம்ப நன்றி சார். சீவினதுன்னு தெரிஞ்சா விட்டுடவா?

பழைய இரும்பு:
சுட மட்டும்னா விடணும்னு இல்ல, விலையைக் குறைச்சுக் கேளுங்க, சேகரிக்கிறவன் அதைத் தொடமாட்டான். குறைஞ்ச பிரஷர்ல ஈயக் குண்டு தோட்டா ரீலோட் பண்றவர் (காலி கேஸ்ல மருந்தும் குண்டும் மறுபடி அடைக்கிறவர்) துணை இருந்தா .45 ஆட்டோ ரிம் கேஸ் வாங்குங்க, ரிம், அதாவது அடி விளிம்பு, தடிமனா இருக்கும், சீவின சிலிண்டர்ல கிளிப் இல்லாமலே உக்காரும். ரீலோட் பண்ண வழியில்லன்னா சீவாத ஒண்ணு வர்ற வரைக்கும் பொறுங்க.

ரேஞ்ச் மாஸ்டர்:
இல்ல எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) விக்டரி மாடல் ரிவால்வர் பாருங்களேன். அதுலயும் பிரிட்டிஷ்காரனுக்குப் போனது .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவுக்கு, அதைப் பின்னாடி .38 ஸ்பெஷலுக்கு சேம்பர் நீட்டி வித்திருப்பாங்க. கேஸ் சுத்தளவு வேற, சுட்டதும் வயிறு உப்பும், சிலது கிழியும். விக்கிறவர் அதுல ஏற்கெனவே சுட்ட காலி கேஸ் ஒண்ணு கேட்டு வாங்கிப் பாருங்க, அது சொல்லிடும்.