புது வட்டார ரயில் பாதை: உள்ளூர்ப் பயணத்தில் நேரம் எங்கே மிச்சமாகும்?

அட்டவணை போடும் பிரிவிலிருந்து

வட்டாரப் பாதை என்றதும் முதலில் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். 3 கி.மீ.க்கு ஒரு நிறுத்தம் உள்ள பாதையில் உச்ச வேகத்தை மணிக்கு 100 கி.மீ.யிலிருந்து 120 ஆக்கினால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இடையே மிச்சமாவது பத்துப் பன்னிரண்டு நொடி. அந்த வேகத்தை எட்டவும் குறைக்கவுமே கிட்டத்தட்ட பாதித் தூரம் போய்விடும். மணிக்கொரு வண்டியை அரைமணிக்கு ஒன்றாக்கிப் பாருங்கள்: நேரம் பார்க்காமல் வருபவரின் சராசரிக் காத்திருப்பு 30 நிமிடத்திலிருந்து 15 ஆகிவிடும்.

அதற்குச் சுற்று நேரம் சரியாக விழ வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 38 நிமிடம், இரு முனையிலும் தலா 7 நிமிடம் நின்று திரும்பினால் மொத்தம் 90. அரைமணிக்கொன்று விட மூன்று ரேக் (முழுப் பெட்டித்தொடர்) போதும். நடுவே ஒரு நிறுத்தம் கூட்டினால் வேகம் குறைத்து, நின்று, மறுபடி வேகமெடுக்க ஏறத்தாழ 2 நிமிடம். சுற்று 94 ஆகும். நாலாவது ரேக் வேண்டும். ரேக் இல்லையென்று முனையில் நிற்கும் 7 நிமிடத்தை 5 ஆக வெட்டினால், காலையில் விழுந்த தாமதம் மாலைவரை கூடவே ஓடும். அந்த நிமிடங்களைத் தயவுசெய்து பிடுங்காதீர்கள்.

வண்டி இயக்கும் பிரிவிலிருந்து

ஒற்றைப் பாதை என்றால் இதே கணக்கு இன்னும் இறுகும். அரைமணிக்கொரு வண்டி ஓடினால் எதிர்வண்டி 15 நிமிடத்துக்கு ஒருமுறை குறுக்கிடும். ஆகவே எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று கடக்கும் கிராசிங் நிலையங்களும் 15 நிமிட ஓட்டத்துக்கு ஒன்றாக அமைய வேண்டும். நிலம் கிடைத்த இடத்தில் லூப் (ஒரு வண்டி ஒதுங்க, மற்றது கடக்கும் பக்கத் தடம்) போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அடுத்தடுத்த இரண்டு லூப்புக்கு நடுவே 18 நிமிட ஓட்டம் இருந்தால், எந்த அட்டவணையாலும் வண்டி இடைவெளியை 36 நிமிடத்துக்குக் கீழே கொண்டுவர முடியாது. லூப்பை 2, 3 கி.மீ. நீட்டிவிட்டால் இரு வண்டியும் நிற்காமலே கடக்கலாம், ஓரிரு நிமிடப் பிசகும் அதற்குள் அடங்கும். முழுப் பாதையையும் இரட்டிப்பாக்குவதைவிட இதற்குச் செலவு மிகக் குறைவு.

ஜங்ஷன் இணைப்பு பற்றி

சுவிட்சர்லாந்தில் 2004 டிசம்பர் அட்டவணையில் சூரிக்–பெர்ன் ஓட்டத்தை 56 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குமேல் விரட்டவில்லை, 60-க்குள் அடங்கினால் வண்டிகள் முழுமணிக்குச் சற்று முன் வந்து, சற்றுப் பின் கிளம்ப முடியும். இடைப்பட்ட நிமிடங்களில் எத்திசைக்கும் மாறலாம். புதுப் பாதையும் முக்கிய வண்டிக்கு 6, 7 நிமிடம் முன்னால் ஜங்ஷனைத் தொடட்டும். 3 நிமிடம்தான் இருந்தால் படியேறி நடைமேடை மாறுபவர் வண்டியைத் தவறவிடுவார்.

மாறாமலே போகவும் வழி உண்டு. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் 1992 முதல் டிராம்களே ரயில் தண்டவாளத்தில் ஏறி பக்கத்து ஊரான பிரெட்டன்வரை ஓடுகின்றன. டிராம் தடத்தின் 750 வோல்ட் நேர்மின்சாரம், ரயில் பாதையின் 15,000 வோல்ட் மாறுமின்சாரம் இரண்டிலும் இயங்கும் பெட்டிகள் அவை.

நடைமேடை பற்றி ஒரு வரி

பெட்டித் தளமும் நடைமேடையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் சக்கர நாற்காலியோ தள்ளுவண்டியோ ஏறும் ஒவ்வொரு இடத்திலும், மேலே பார்த்துப் பார்த்துச் சேர்த்த நிமிடம் கரையும்.