பெரிய காவல் நாய் வளர்த்தவர்களே, இன்னும் மனதை உறுத்தும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

பட்டிவாசல்:
நம்முடையவன் கிரேட் பைரனீஸ், மந்தை காக்கும் இனம். இரண்டரை வயது, 51 கிலோ. வேலி தாண்டும் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு நாள் விடியற்காலையில் ஆளைக் காணோம். ஆடுகள் பதினாறும் பத்திரமாக இருக்கின்றன, காவல்காரன்தான் இல்லை. டார்ச்சும் கயிறுமாக இரண்டு மணி நேரம் அலைந்தேன். கடைசியில் போன் வந்தது. கழுத்துப்பட்டையில் என் எண் இருக்கிறது. "உங்க நாய் என் பட்டிக்குள்ள படுத்திருக்கு. என்னை உள்ள விடமாட்டேங்குது."

போய்ப் பார்த்தால் அவருடைய ஆடுகளுக்கு நடுவில் ராஜா மாதிரி கிடக்கிறான். ஒரு குட்டி அவன் முதுகில் சாய்ந்து தூங்குகிறது. பால் கறக்கும் பாத்திரத்தோடு மனிதர் வெளியே நிற்கிறார். அவர் கதவில் கை வைத்தால் தொண்டைக்குள் ஒரு உறுமல். கையை எடுத்தால் நிறுத்திவிடுகிறான். அவருடைய கதவு, அவருடைய ஆடு! நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு காதை மட்டும் அசைத்தான். "வந்தது சரி, நான் வேலையில் இருக்கிறேன்" என்பது போல ஒரு பார்வை. அந்தப் பார்வைதான் இன்னும் போகமாட்டேன் என்கிறது. மூன்று மாதக் குட்டியிலிருந்து சோறு போட்டவன் நான்.

திரும்பும்போது பாதி வழியில் படுத்துவிட்டான். 51 கிலோ நடுவழியில் படுத்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம்சாமம்:
உங்களுடையவன் வெளியே போய்த் தொல்லை கொடுத்தான். என்னுடையவள் இருந்த இடத்திலிருந்தே கொடுத்தாள். எங்களுக்கு ஆடு மாடு எதுவும் கிடையாது, வெறும் வீடு. "சாந்தமான இனம்" என்று படித்துவிட்டு எடுத்தோம். பகலில் உண்மைதான், பஞ்சு மூட்டை மாதிரி கிடப்பாள். இரவு பத்தானால் வேலை நேரம் தொடங்கிவிடும். இலை விழுந்தால் குரைப்பு, தூரத்தில் கார் கதவு சாத்தினால் குரைப்பு, ஒன்றுமே இல்லையென்றால் அதற்கும் ஒரு குரைப்பு. கடிப்பதற்கு முன்னால் "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஊருக்கு அறிவிப்பதுதான் இந்த நாய்களின் முதல் ஆயுதம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் மூன்று மணிக்கு அழைப்பு மணி. கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பெண், தோளில் கைக்குழந்தை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அழுகிற குழந்தையை என் முன்னால் தட்டிக்கொடுத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார், திரும்பிப் போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அன்றிலிருந்து இரவில் உள்ளே படுக்க வைத்தோம். குரைப்பு குறைந்தது. ஆனால் விடிய விடிய ஜன்னல் பக்கம் பார்த்து மூச்சிரைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இருபதுவருடம்:
என் நாயும் ஒருமுறை வெளியே போனது, மாலையில் தானே வந்தது. அது இருக்கட்டும்.

பட்டிவாசல் அவர்களுக்கு: வேலி எத்தனை அடி என்று எழுதவே இல்லையே? அதுதான் முதல் கேள்வி. இந்த இனங்களுக்கு எல்லை என்பது நீங்கள் போட்ட கம்பி இல்லை, கண்ணுக்கும் காதுக்கும் எட்டிய தூரம். மலையில் மந்தையோடு தனியாக அலைந்து, ஆள் சொல்லாமலே முடிவெடுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாய் அது. "வா" என்றால் வருவதற்கு அது ஆள் சொல்படி மந்தை மேய்க்கும் கோலி இன நாய் இல்லை. அடியில் தோண்டாதபடி கம்பியைத் தரையில் மடித்து விடுங்கள், மேலே ஒரு மின்கம்பி ஓட்டுங்கள். கழுத்தில் அதிர்வு கொடுக்கும் பட்டையை நம்பாதீர்கள். அந்த அடர்ந்த ரோமத்தில் அது சரியாகப் படுவதே சந்தேகம், பட்டாலும் நரியைக் கண்டவன் வலியைப் பொறுத்துக்கொண்டு தாண்டிவிடுவான், திரும்பி உள்ளே வரத்தான் யோசிப்பான். ஜிபிஎஸ் பட்டை போடுங்கள். கருத்தடை செய்தாயிற்றா? இதையும் எழுதவில்லை.

அடுத்தது, குட்டியை எட்டு வாரத்திலேயே ஆடுகளோடு விட்டிருக்க வேண்டும். 1970களில் அமெரிக்காவின் ஹாம்ப்ஷையர் கல்லூரியில் ஆய்வாளர்கள் ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் இந்த நாய்களை வைத்து வேலை செய்தபோது வலியுறுத்தியது இதைத்தான். முதல் சில மாதங்களில் எதோடு வளர்கிறதோ அதைத்தான் தன் கூட்டமாக நினைக்கும். நமீபியாவில் சிவிங்கிப்புலிகளைக் காப்பாற்ற 1994 முதல் விவசாயிகளுக்கு அனடோலியன் என்ற துருக்கிக் காவல் இனத்து நாய்க்குட்டிகளைக் கொடுக்கிறார்கள். மந்தைக்கு நாய் காவல் இருந்தால் சிவிங்கிப்புலியைச் சுட வேண்டியதில்லை என்பது கணக்கு. அங்கேயும் குட்டியிலேயே பட்டியில்தான் விடுகிறார்கள்.

மூன்றாம்சாமம், உங்கள் தவறு வேலை இல்லாத வீட்டில் காவல்காரியை வைத்தது. எதையாவது காக்கக் கொடுங்கள். ஆடுதான் வேண்டும் என்றில்லை. ஆஸ்திரேலியாவில் மிடில் தீவில் 2006 முதல் மரெம்மா என்ற இத்தாலியக் காவல் நாய்கள் பென்குயின்களை நரியிடமிருந்து காத்தன.

மூன்றாம்சாமம்:
பென்குயின் வாங்கச் சொல்கிறீர்களா?

பட்டிவாசல்:
ஐயா, நான் யோசனை கேட்கவில்லை. உறுத்தும் சம்பவம் கேட்டேன்.

கம்பளிக்காரி:
எட்டு வாரத்தில் ஆடுகளோடு விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் அப்படித்தான் விட்டேன். கங்கால் என்ற துருக்கிக் காவல் இனத்தின் கலப்பு, பெண். பத்து மாதம் வரை ஆடுகளின் வாயை நக்கிக்கொடுத்துக்கொண்டு அப்படி ஒரு அடக்கம். பிறந்து மூன்று நாளான ஆட்டுக்குட்டியோடு ஒரு மதியம் தனியாக விட்டுவிட்டு வீட்டுக்குள் போனேன். ஒரு மணி நேரம்கூட இருக்காது.

வந்து பார்த்தால் குட்டி கிடக்கிறது. ரத்தம் இல்லை. உடம்பு முழுக்க எச்சிலில் நனைந்திருக்கிறது, ஒரு காது மட்டும் மென்று கந்தலாகியிருந்தது. இவள் பக்கத்தில் முன்னங்கால்களை நீட்டிக் குனிந்து, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஆட்டுகிறாள். விளையாட வா என்று அந்தக் குட்டியைக் கூப்பிடுகிறாள். ஏன் எழுந்து ஓடமாட்டேன் என்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

அடித்துவிட்டேன். அது தப்பு என்று அடிக்கும்போதே தெரிந்தது. 40 கிலோவுக்கு மேல் எடை, பார்க்கப் பெரிய நாய், ஆனால் தலைக்குள் சின்னப் பிள்ளை. இரண்டு வயது வரை இளசான குட்டிகளோடு கண் பார்வையில் இல்லாமல் விடக்கூடாது என்று எனக்கு முன்பே ஒருவர் சொல்லியிருந்தார். "ரத்தத்திலேயே இருக்கும்" என்ற பேச்சை நம்பி அதைக் காதில் வாங்கவில்லை. இப்போது அவளுக்கு ஐந்து வயது, ஈனும் ஆட்டின் பக்கத்தில் யாரையும் விடமாட்டாள். இருந்தாலும் அவள் குனிந்து வாலாட்டினால் எனக்கு அந்தக் காதுதான் ஞாபகம் வருகிறது.

புதியவன்:
எங்களுக்கு அடுத்த மாதம் குட்டி வருகிறது. பயமுறுத்துகிறீர்களே! ஒரு சந்தேகம், வெயில் காலத்தில் மொட்டை அடித்துவிடலாமா?

ரோமமழை:
வேண்டாம். ரோமம் இரண்டு அடுக்கு. மேல் அடுக்கு வெயில் தோலில் படாமல் தடுக்கிறது. உள் அடுக்கைச் சீவி எடுத்தாலே போதும். வாரம் ஒரு பை நிறைய வரும், அந்தக் கணக்கு வேறு.

என் உறுத்தலும் ரோமத்துக்குள் ஒளிந்திருந்ததுதான். பைரனீஸுக்குப் பின்னங்காலில் உள்பக்கம் இரட்டை நகம் உண்டு, தெரியும்தானே. தரையில் படாத நகம், அதனால் தேயாது. நான் பாதத்தில் இருக்கும் நகங்களை ஒழுங்காக வெட்டிவிட்டு, இதை ரோமத்துக்குள் தேடவே இல்லை. ஒரு நாள் சிக்கெடுக்கும்போது சீப்பு எதிலோ தட்டியது. விலக்கிப் பார்த்தால் நகம் வட்டமாகச் சுருண்டு நுனி சதைக்குள் போயிருக்கிறது. எத்தனை வாரமோ! நொண்டவில்லை, முனகவில்லை. மருத்துவர் அதை வெட்டி இழுத்தபோதுகூட சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். வலியைக் காட்டாத நாயைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு சொல்வதில்லை.

சும்மாபடிப்பவன்:
இதுவரை இங்கே எழுதியதில்லை. வலியைக் காட்டாது என்றதும் எழுதத் தோன்றியது.

அனடோலியன், 58 கிலோ, ஆறு வயது. ஒரு மாலை வாந்தி எடுப்பது போல ஓங்கரித்தான், ஒன்றும் வரவில்லை. நுரைதான் வந்தது. எதையாவது தின்றிருப்பான் என்று விட்டுவிட்டேன். எழுவான், நடப்பான், படுப்பான், மறுபடி எழுவான். நாற்பது நிமிடம் கழித்துத்தான் வயிற்றில் கை வைத்தேன். மத்தளம் மாதிரி இருந்தது.

அதற்குள் அவனால் நிற்க முடியவில்லை. வீட்டில் நானும் அம்மாவும்தான். போர்வையை விரித்து அவனை அதன்மேல் உருட்டி, ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து இழுத்தோம். வாசல் படியில் போர்வை கிழிந்தது. அம்மா தன் வாழ்நாளில் அந்த நாயைத் தொட்டதில்லை, பயம். அன்றைக்கு அவன் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

வயிறு காற்றடைத்து முறுக்கிக்கொண்டிருந்தது. நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு வருவது, சில மணி நேரத்தில் ஆளை முடித்துவிடும் என்றார் மருத்துவர். அறுவை செய்து, மறுபடி முறுக்காமல் இருக்க வயிற்றை உட்சுவரோடு சேர்த்துத் தைத்தார்கள். பிழைத்துவிட்டான். அந்த நாற்பது நிமிடம் நான் போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பளிக்காரி:
அம்மா இப்போது தொடுகிறாரா?

சும்மாபடிப்பவன்:
இல்லை. மறுபடியும் பயம். ஆனால் தினமும் ராத்திரி "வயித்தைப் பார்த்தியா?" என்று கேட்பார்.

புதியவன்:
ஓங்கரிப்பு, நுரை, மத்தளம். எழுதி ஒட்டி வைத்துக்கொண்டேன்.

இருபதுவருடம்:
நல்லது. கருத்தடைக்கு மயக்கம் கொடுக்கும்போதே வயிற்றையும் தைக்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், பெரிய இனங்களுக்குச் செய்வதுண்டு. வளரும் குட்டிக்குக் கால்சியம் மருந்தைத் தனியாக ஊற்றாதீர்கள், மூட்டு கெடும். பெரிய இனக் குட்டிகளுக்கான தீவனம் போதும். மெதுவாக வளர்ந்தால்தான் எலும்பு நிற்கும். இன்னொன்று, ஒரு வயது வரை மாடிப்படி...

மூன்றாம்சாமம்:
ஐயா, இருபது வருடத்தில் உங்களுக்கு உறுத்துகிற மாதிரி ஒன்றுகூடவா இல்லை?

இருபதுவருடம்:
இருக்கிறது. ஒருமுறை வெளியே போய்த் தானே வந்தது என்று எழுதினேனே, அதற்கு முன்னால் இன்னொரு நாய் இருந்தது. அதுவும் போனது, வரவில்லை. நெடுஞ்சாலையில் கிடைத்தது. என் வேலி நான்கு அடி.

பட்டிவாசல், உங்கள் வேலி எத்தனை அடி?