மனநோயும் கலையும்: எங்கள் வீட்டு அனுபவம்

வலி இருந்தால்தான் கலை வரும் என்று இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

என் அக்கா கோலத்துக்குப் பேர் போனவள். மார்கழியில் 15 புள்ளி சிக்குக் கோலத்தை நோட்டைப் பார்க்காமல், கம்பி பிசகாமல் இழுத்துவிடுவாள். இரண்டாவது பிரசவம் ஆன சில மாதத்தில் மன அழுத்த நோய் வந்தது. அழுகைகூட இல்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். வைத்த காபி ஆடை கட்டிக் கிடக்கும். தலைமுடி சடை பிடித்துச் சீப்பே இறங்காது. ஒருநாள் அம்மா கோலப்பொடி டப்பாவைக் கையில் கொடுத்து, "ரெண்டு இழை இழுடி, மனசு மாறும்" என்றாள். அக்கா வாசல்வரை வந்தாள். முதல் புள்ளியை எங்கே வைப்பதென்றே தெரியாமல் நின்றாள். டப்பாவைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சொந்தக்காரர்கள் சிலர் திருஷ்டி என்றார்கள், சிலர் கொழுப்பு என்றார்கள். மந்திரித்த கயிறெல்லாம் கட்டி முடித்த பிறகுதான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனோம்.

அந்தச் சமயத்தில் ஓவியர் வான்கோவின் கடிதங்களைப் படித்தேன். 1889 மே மாதம் அவராகவே பிரான்சின் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் சேர்ந்தார். உலகமே கொண்டாடும் அந்த விண்மீன் இரவு ஓவியம், ஜூனில், நோய் தணிந்திருந்த நாட்களில் வரைந்தது. ஜூலையில் நோய் மறுபடி தாக்கியது. வர்ணத்தையே எடுத்து விழுங்கினார். அதனால் வரையவே விடவில்லை. வாரக்கணக்கில் வேலை நின்றது. ஆகஸ்டில் கொஞ்சம் தேறியதும் தம்பி தியோவுக்கு எழுதுகிறார்: நான் குணமாக ஓவியம் வேண்டும், மருத்துவருக்கு எழுதிச் சொல் என்று. நோய் பிடுங்கிக்கொண்டதைத் திரும்பக் கேட்டு எழுதிய கடிதம் அது. நோய்தான் அவரை வரைய வைத்தது என்று இனி யார் சொன்னாலும் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

மாத்திரை தொடங்கிச் சில வாரத்தில் அக்காவுக்கு முதலில் தூக்கம் வந்தது, பிறகு பசி. கோலம் வர ரொம்ப நாள் ஆனது. பொங்கலுக்கு அவள் போட்ட கோலத்தைப் பார்த்த எதிர்வீட்டு மாமி, "அவ்வளவு கஷ்டப்பட்டதாலதான்டி கையில இப்படி ஒரு கலை இறங்கியிருக்கு" என்றார். அக்காவுக்கு வந்ததே கோபம்! "படுத்துக் கிடந்தப்ப என்னால ஒரு புள்ளி வைக்க முடியல மாமி. அப்ப நீங்க யாரும் எட்டிக்கூடப் பாக்கல."

இப்போது வேறு கவலை. "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறாள். உங்கள் வீடுகளில் இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில்:

எங்கள் அப்பாவும் அப்படித்தான் தானாக நிறுத்தினார், மறுபடி படுத்துவிட்டார். அடுத்த தடவை நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. "எப்ப நிறுத்தலாம்னு நீங்களே டாக்டர்கிட்ட கேளுங்கப்பா" என்று கூட்டிப்போனோம். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்று டாக்டர் வாயால் கேட்ட பிறகுதான் அடங்கினார். நடுராத்திரியில் பயமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் போன் போடுங்கள். காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அக்காதான் பேச வேண்டும் என்றில்லை, நீங்களே பேசலாம்.