மூணாறு புல்மேட்டில் பார்த்தது புகையானா?

நான் மூணாறு பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்தவன். போன மார்கழி, விடிந்தும் விடியாத நேரம். புல்மேட்டில் பெரிய பூனை ஒன்று நின்றது. புள்ளி, பட்டை எதுவும் இல்லை, நனைந்த சாம்பல் நிறம். வால் மட்டும் உடம்பு நீளம் இருக்கும். நான் மூச்சுவிடுவதற்குள் மஞ்சுக்குள் போய்விட்டது. அப்பா இதைத்தான் புகையான் என்பார்; மலை ஊர்ப் பேச்சில் மட்டும் உலவும், அறிவியல் இன்னும் ஏற்காத சாம்பல் பூனை. வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

குமுளியிலிருந்து:
அண்ணே, மங்கலில் சிறுத்தையின் புள்ளி தெரியாது. கருஞ்சிறுத்தைக்கே சாய்வெயில் பட்டால்தான் புள்ளி தெரியும். தடம் பார்த்தீங்களா? நகம் பதிஞ்சிருந்தா செந்நாய்.

கம்பத்திலிருந்து:
அதுக்காக இல்லவே இல்லைன்னு தள்ளிடாதீங்க. இடுக்கியில் மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து, மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் மேலே வரும் ஊதாத் தவளை இருக்கே, அதுக்கு அறிவியல் பேர் வச்சதே 2003இல்தான். மண்வெட்டி பிடிச்சவங்களுக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்.

கேட்டவர்:
தம்பி, தடம் ஒன்றுதான் கிடைத்தது, ஓடை ஓரச் சேற்றில். நகம் இல்லை. பக்கத்தில் தீப்பெட்டி வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். டவர் கிடைத்ததும் ஏற்றுகிறேன், சிறுத்தைதான் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்.