மறு: டைலேஷனுக்கு ‘விரிவாக்கம்’ போதுமா?

வணக்கம். ஒரு புள்ளியை மையமாக வைத்து ஓர் உருவத்தை வடிவம் மாறாமல் பெரிதாக்குவதோ சிறிதாக்குவதோதான் வடிவியலில் டைலேஷன் (dilation); எத்தனை மடங்கு என்பது ஸ்கேல் ஃபேக்டர் (scale factor). இவற்றுக்குப் புதுத் தமிழ்ச்சொல் வேண்டும் என்றதற்கு வந்த மறுப்பு இது:

> டைலேஷன் = விரிவாக்கம், ஸ்கேல் ஃபேக்டர் = அளவுக் காரணி. இருப்பதை விட்டுப் புதுச்சொல் எதற்கு?

இருக்கின்றன, சரி. ஆனால் (2, 4), (6, 4), (6, 8) என்ற முக்கோணத்தை, ஆதிப்புள்ளியை மையமாக வைத்துப் பாதியாக்கிப் பாருங்கள். (1, 2), (3, 2), (3, 4) கிடைக்கும். கோணங்கள் மாறவில்லை, பக்கங்கள் பாதி, பரப்பு 8-லிருந்து 2. இப்படிச் சுருங்கிப்போனதை ‘விரிவாக்கம்’ என்று எந்த வாயால் சொல்வது? ஆங்கிலத்திலும் இதே முரண் உண்டு, அவர்களுக்குப் பழகிவிட்டது. நமக்கோ செய்யுள் விகாரத்திலேயே (செய்யுளுக்காகச் சொல்லின் எழுத்துகள் மாறுவது) எழுத்தைக் கூட்டும் விரித்தலும் குறைக்கும் தொகுத்தலும் எதிரெதிர். போதாக்குறைக்கு (அ + ஆ)²-ஐப் பிரித்தெழுதுவதும் விரிவாக்கம்தான்.

‘காரணி’ இன்னும் மோசம். 6-இன் காரணிகள் 1, 2, 3, 6 என்று படித்த பிள்ளையிடம் ‘காரணி ½’ என்றால், அது எதை வகுக்கிறது என்றுதான் கேட்கும்.

நான் முன்வைப்பது: டைலேஷனுக்கு மடங்குமாற்றம், ஸ்கேல் ஃபேக்டருக்கு அளவுமடங்கு, இடம் மாறாமல் நிலைத்து நிற்கும் புள்ளிக்கு மாற்றமையம். ‘இரு மடங்கு’, ‘அரை மடங்கு’ இரண்டையும் பேச்சில் ஏற்கெனவே சொல்கிறோம். பெருகினாலும் சுருங்கினாலும் சொல் தாங்கும். பரப்பு அளவுமடங்கின் வர்க்கத்தாலும், கன அளவு அதன் கனத்தாலும் மாறும் என்று எழுதும்போதும் இடறவில்லை.

குறையெண்ணையும் சோதித்தேன். முக்கோணத்தின் பக்க நடுப்புள்ளிகளை இணைத்தால் உள்ளே தலைகீழாக ஒரு குட்டி முக்கோணம் வருமே, அது பெரியதன் மடங்குமாற்றம்தான்: மாற்றமையம் நடுக்கோட்டு மையம் (முனைகளை எதிர்ப்பக்க நடுப்புள்ளிகளோடு இணைக்கும் கோடுகள் சந்திக்கும் இடம்), அளவுமடங்கு −½. ஒவ்வொரு முனையும் மையத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், பாதித் தொலைவில் நிற்கிறது. இதை ‘−½ விரிவாக்கம்’ என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

மீச்சிறு பொது மடங்கோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் குழம்பும்; அங்கே மடங்கு என்றாலே முழு எண். அதனால்தான் இங்கே வெறும் ‘மடங்கு’ என்று விடாமல் ‘அளவு’ சேர்த்தேன்.

மாற்றமையம்தான் எனக்கே முழுத் திருப்தியாக இல்லை. சுழற்சியும் ஓர் உருமாற்றம், அதற்கும் மையம் உண்டு. ‘மடங்குமையம்’ என்றால் காதில் உறுத்துகிறது. அப்புறம், வேறு யாருக்காவது நல்லதாகத் தோன்றினால் எழுதுங்கள்.