வடக்குத் தெரு குழு: இடுப்பெலும்பு உடைஞ்சா

செல்வம் மாமா: பைபாஸ்ல லாரி மோதுனவங்களுக்கு வெளிய காயமே தெரியாது, ஆனா பிபி இறங்கிட்டே போகும்னு சொல்றாங்களே, ஏன்ம்மா கௌரி?

கௌரி அக்கா: ரத்தம் உள்ளேயே போகுது மாமா. இடுப்பெலும்பு ஒரு வளையம். முன்னால ஒரு மூட்டு, பின்னால சேக்ரம், அதாவது முதுகெலும்போட அடியில இருக்கற முக்கோண எலும்பு. பலமா அடிபட்டா பெரும்பாலும் வளையம் ரெண்டு இடத்துல விட்டுப்போகும். சேக்ரத்துக்கு முன்னால வலை மாதிரி சிரைகள் இருக்கு, அது கிழிஞ்சா கசிஞ்சிட்டே இருக்கும். பெரிய ஆளுக்கு மொத்த ரத்தமே 5 லிட்டர் சுமாருக்குத்தான். வயித்துக்குப் பின்பக்கம் 4 லிட்டர் வரைக்கும் தேங்க இடமிருக்கு.

முருகன் 108: அதனாலதான் தூக்கி நிக்க வைக்காதீங்க, உருட்டாதீங்கன்னு கத்துறோம். ஆடுனா உறைஞ்ச ரத்தம் பெயர்ந்து மறுபடி ஒழுகும். ஆடுதான்னு இடுப்பை அமுக்கிப் பாக்கவும் கூடாது.

வனிதா: வண்டி வர நேரமானா என்ன பண்றதுண்ணா?

முருகன் 108: போர்வையை ஒரு சாண் அகலத்துக்கு மடிச்சு, முழங்காலுக்கு அடியில இருக்கற இடைவெளியில நுழைச்சு, மெதுவா மேல இழுத்துட்டு வரணும். கட்டுற இடம் பெல்ட் போடற இடம் இல்ல! பேன்ட் பாக்கெட்ல கைவிட்டா பக்கவாட்டுல தட்டுற தொடையெலும்பு முட்டு, அதுக்கு நேரா. மேல ஏத்திக் கட்டினா வளையம் இன்னும் விரியும். ரெண்டு பாதத்தையும் சேத்துக் கட்டுங்க. குடிக்க எதுவும் வேண்டாம், நல்லா போத்துங்க. உடம்பு குளிர்ந்தா ரத்தம் உறையாது.

கௌரி அக்கா: சிரை ரத்தம் இந்த அழுத்தத்துல பெரும்பாலும் அடங்கும். தமனி அறுந்திருந்தா ஆஞ்சியோ பண்ணி, அதாவது ரத்தக்குழாய்க்குள்ள மெல்லிய டியூப் விட்டு, அடைக்கணும். உறைஞ்ச ரத்தம் கரையாம காக்கிற டிரானெக்ஸாமிக் ஊசியை 3 மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பலன். ஆம்பளைங்களுக்கு மூத்திரத் துவாரத்துல ரத்தம் தெரிஞ்சா டியூப் போட அவசரப்படக் கூடாது. உள்ள மூத்திரக் குழாய் பாதி கிழிஞ்சிருந்தா முழுசா அறுந்துடும். முதல்ல அந்தக் குழாய்க்குள்ள சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கணும்.

பிசியோ ரமேஷ்: எலும்பு சேர்ந்த பிறகும் மூத்திரம் அடங்கலைன்னா, மலம் தெரியாம போனா, தாம்பத்தியத்துல சிக்கல் வந்தா வெட்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லணும். சேக்ரத்துல இருந்து வர்ற நரம்புங்கதான் இதெல்லாம் பாத்துக்குது. பாதம் தூக்க முடியலைன்னாலும் நரம்புதான். படுத்தே கிடந்தா கால் சிரையில ரத்தம் கட்டும், அது நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. கணுக்காலை மணிக்கு பத்து தடவையாவது மடக்கி நீட்டணும். டாக்டர் சொல்றவரைக்கும் அடிபட்ட பக்கத்துக் கால்ல எடை கூடாது. பெரும்பாலும் 6லிருந்து 12 வாரம்.

வனிதா: போர்வை இல்லாட்டி சேலை?

முருகன் 108: தாராளமா. கட்டுன நேரத்தைத் துணி மேலயே பேனாவால எழுதிடு. ரொம்ப நேரம் இறுக்கி இருந்தா தோல் புண்ணாகும்.